ஒரு வில்லை போதும்

நம் துறையில் பயின்று சென்ற மாணவர் ஒருவர் அண்மையில் என்னைக் காண வந்தார். மலேசியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளில் இரண்டு திங்கள் சுற்றிவரப் புறப்படுகிறார். கையில் ஒரு டி.எஸ்.எல்.ஆர். கேமரா. "ஐயா, எந்த லென்ஸை எடுத்துச் செல்வது?" என்பது அவர் வினா. புணர்ச்சி விதியில் ஐயம் கேட்டு வருவோரே மிகுந்த இவ்வறையில் இப்படியொரு வினா எழுந்தது எனக்கு மகிழ்ச்சி தந்தது. அவருக்குக் கூறிய விடையை இம்மலரின் வாயிலாகப் பிறர்க்கும் கூற விழைகிறேன். குவியத்தொலைவு மாறாத, எடை குறைந்த ஒற்றை வில்லையே நெடும்பயணத்திற்கு ஏற்றது என்பது என் துணிபு.

லென்ஸ் என நாம் வழங்குவதே வில்லை. பழைய 35 மி.மீ. படச்சுருளில் ஒரு படத்தின் அளவு 24க்கு 36 மி.மீ.; அதன் மூலைவிட்டம் ஏறத்தாழ 43 மி.மீ. வில்லையின் குவியத்தொலைவு இவ்வளவை ஒட்டி அமையுமாயின் படத்தில் பொருள்களின் இடைவெளி நம் கண்ணுக்கு இயல்பாகத் தோன்றும். அதனிற் குறைந்தால் காட்சி விரியும். மிகுந்தால் தொலைவிலுள்ளது நெருங்கி வரும். 1925-இல் விற்பனைக்கு வந்த லைக்கா கேமரா 50 மி.மீ. வில்லையுடனேயே வந்தது. 1948 சனவரியில், காந்தியடிகள் மறைவதற்குச் சற்று முன்னர் அவரைப் படமெடுத்த பிரெஞ்சுக் கலைஞர் கார்த்தியே பிரெசோன், தம் பணியின் பெரும்பகுதியை 50 மி.மீ. வில்லையைக் கொண்டே முடித்தவர். நான்கு முதல் எட்டடிக்குள் ஓர் உலகைக் காட்டிய குறுந்தொகைப் புலவரைப் பயிலும் நமக்கு இத்தகைய எல்லை புதியதன்று.

இனி, என் பட்டறிவு. என் தாயின் தந்தையார் பினாங்கில் சூலியா தெருவில் சிறு கடை வைத்திருந்தவர். 2013-இல் ஒரு கருத்தரங்கின் பொருட்டு அந்நாட்டிற்குச் செல்ல நேர்ந்தபோது, "வாப்பா கடை வைத்திருந்த தெருவைப் படமெடுத்து வா" என்று உம்மா கேட்டுக்கொண்டார். நான் இரவல் வாங்கிச் சென்றது 18 முதல் 200 மி.மீ. வரை நீளும் ஜூம் வில்லை. அதன் எடை மட்டும் ஏறத்தாழ 600 கிராம். கேமராவும் சேர, கழுத்தில் ஒரு செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டாற் போன்றிருந்தது. இரண்டு நாள் சுமந்தேன். மூன்றாம் நாள் விடுதி அறையிலேயே வைத்துவிட்டுச் சென்றேன். சுமந்த இரண்டு நாளிலும் தெருவின் எதிர்ப்பக்கத்தில் நின்றுகொண்டு, வில்லையை நீட்டி நீட்டி, பெயர்ப்பலகைகளையும் ஓட்டுக்கூரைகளையும் கபித்தான் கெலிங் பள்ளிவாசலின் மினாராவையும் எடுத்தேன். எவரிடமும் ஒரு சொல் பேசவில்லை. பேசவேண்டிய தேவையை அவ்வில்லை எனக்கு உண்டாக்கவில்லை. ஊர் திரும்பிப் படங்களைக் காட்டினேன். உம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "இதில் ஆள் யாருமே இல்லையே?" என்றார்.

2019-இல் மீண்டும் சென்றேன். அப்போது என்னிடம் இருந்தது 2014-இல் கேனன் நிறுவனம் வெளியிட்ட 24 மி.மீ. வில்லை. எடை 125 கிராம். தடிமன் இரண்டு விரற்கடைக்கு மேல் இராது. இவ்வகைக் கேமராவின் ஒளியுணரி படச்சுருளினும் சிறிதாதலின், இதன் பார்வை பழைய கணக்கில் 38 மி.மீ. வில்லையின் பார்வைக்கு ஒப்பாகும். ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளின் முன்னே 'ஐந்தடி நடை' என்னும் தாழ்வாரம் உண்டு. சிங்கப்பூருக்கு 1822-இல் வகுக்கப்பட்ட நகரத் திட்டத்தில் விதிக்கப்பட்ட இவ்வமைப்பு பினாங்கிலும் பரவியது. வெயிலும் மழையும் படாத அந்நிழலில்தான் அத்தெருவின் வாழ்க்கை நடைபெறுகிறது. ஆங்கே இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் இவ்வில்லைக்குள் ஏறத்தாழ 1.8 மீட்டர் அகலக் காட்சி அடங்கும்: அமர்ந்திருக்கும் ஒருவர், அவர் முன்னுள்ள மேசை, பின்னே கதவு. ஆனால் இரண்டு மீட்டர் என்பது பேசும் தொலைவு. அங்கு நின்றுகொண்டு பேசாமல் படமெடுப்பது நாகரிகமாகாது. எனவே முதியவர் ஒருவரிடம் இசைவு கேட்டேன். அவர் தமிழிலேயே, "எந்த ஊர்?" என்றார். நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டார், தேநீர் வந்தது. படம் எடுத்தது அதன் பின்னர்தான். என் பாட்டனாரின் கடை எதுவென்று அவருக்கும் தெரியவில்லை. எனினும் அப்படத்தை உம்மா நெடுநேரம் கையில் வைத்திருந்தார்; அவர் யார், எந்த ஊர்க்காரர், பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எல்லாவற்றுக்கும் என்னிடம் விடை இருந்தது.

'ஜூம் வில்லையிலும் 24 மி.மீ. அடங்கியுள்ளதே, அதிலேயே நிறுத்திக்கொண்டால் ஆகாதா?' என்று வினவலாம். ஆகும், நிறுத்திக்கொள்ளும் மன உறுதி உடையார்க்கு. எனக்கு அது வாய்க்கவில்லை. மேலும், அத்தகைய ஜூம் வில்லை முழுதும் நீண்ட நிலையில் அதன் ஒளித்துளை எஃப் 5.6 அளவே திறக்கும். என் சிறு வில்லை எஃப் 2.8 வரை திறப்பதால் நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். மாலை மங்கும் நேரத்தில் இவ்வேறுபாடு நன்கு புலனாகும். பல வில்லைகளை எடுத்துச் சென்று மாற்றிக்கொள்ளலாமே எனின், மாற்றுந்தோறும் ஒளியுணரியில் தூசி படியும் இடருண்டு. கைப்பைக்கு 7 கிலோ என வரையறுக்கும் விமானங்களில் அம்மூட்டைக்கு இடம் தேடுவதும் துன்பமே.

காட்டு விலங்குகளைக் காணக் கென்யா செல்பவர்க்கு என் கருத்து ஒரு சிறிதும் பயன்படாது. சிங்கத்திடம் இரண்டு மீட்டரில் நின்று இசைவு கேட்க இயலாது. அவர்கள் 300, 400 மி.மீ. வில்லைகளைச் சுமந்தே ஆகவேண்டும். பறவை நோக்குவோர்க்கும் அஃதே.

கைப்பேசி இருக்கத் தனிக் கேமரா எதற்கு என்போரும் உளர். கைப்பேசியின் முதன்மைக் கேமரா பெரும்பாலும் 24 முதல் 28 மி.மீ. வரையிலான அகன்ற பார்வை உடையது. கட்டடங்களுக்கும் கடற்கரைக்கும் அதுவே போதும். ஆகவே தனியே சுமக்கும் வில்லை அதினின்றும் வேறுபட்டு, 40 மி.மீ. பார்வையை ஒட்டி இருத்தல் நலம். முழு அளவு ஒளியுணரி உடைய புதிய கேமராக்களுக்கு நிக்கான் நிறுவனம் 2021-இல் வெளியிட்ட 40 மி.மீ. எஃப் 2 வில்லை 170 கிராம் எடைதான்.

இறுதியாக மாணவருக்கு ஓர் எச்சரிக்கையும் கூறினேன். அந்நாடுகளின் ஈரக்காற்றில் வில்லையினுள் பூஞ்சை படரும். பையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு இருக்கட்டும். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்தவுடன் கேமராவைப் பையிலிருந்து எடுக்காமல் சற்றுப் பொறுத்திருந்தால் கண்ணாடியில் நீர் பூக்காது. அவர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். பிறகு, "ஐயா, அந்த 24 மி.மீ. வில்லையை இரண்டு மாதத்திற்கு இரவல் தருவீர்களா?" என்றார். கொடுத்தனுப்பியுள்ளேன்.