ஏரிக்கரைக்கு ஹைமாஸ்ட் விளக்கு வேண்டாம் என்றால் நான் இருட்டு டீச்சரா?

கொஞ்சம் நீளமான பதிவு. பரீட்சைக்கு முந்தின நாள் நோட்ஸ் புரட்டுவது போல் ஓட்டாமல், முழுதாகப் படித்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் போன வாரம் ஒரு யோசனை வந்தது. ஏரிக்கரையை ஒட்டிய மைதானத்தில் ஒரு ஹைமாஸ்ட் விளக்கு, நடைபாதை நெடுக வெள்ளை எல்இடி, மரங்களுக்குக் கலர் சீரியல் செட். பத்து நிமிடத்தில் முப்பது கட்டைவிரல் விழுந்தது. நான் ஒருத்திதான் "வேண்டாம்" என்று எழுதினேன். உடனே "ஊர் டெவலப் ஆக வேண்டாமா டீச்சர்?", "பாம்பு வந்தா நீங்க பொறுப்பா?" என்று பதில்கள். என்னிடம் ஒளியியல் பாடம் படித்த ஒருவன் (பெயர் சொல்லவில்லை, அவனுக்கே தெரியும்) "டீச்சருக்கு இருட்டுதான் பிடிக்கும்" என்று எழுதிச் சிரிப்புப் பொம்மையும் போட்டான். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். அங்கே மூன்று நிமிடத்துக்கு மேல் பேச விடமாட்டார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. உங்கள் நட்சத்திரம் என்ன? உடனே சொல்வீர்கள். ரோகிணி, மகம், சுவாதி, கேட்டை. பாதம்கூடச் சொல்வீர்கள். அர்ச்சனைச் சீட்டில் எழுதுகிறோம், பொருத்தம் பார்க்கிறோம், மூலம் என்றதும் நல்ல பெண்ணை வேண்டாம் என்கிறோம். அந்த மூலத்தை வானத்தில் யாராவது பார்த்திருக்கிறீர்களா? தேளின் வால் போல வளைந்து கிடக்கும், அத்தனை அழகு. அதைப் பார்த்த எவனும் அந்தப் பெயரைச் சொல்லி ஒரு பெண்ணை ஒதுக்க மாட்டான் என்பது என் நம்பிக்கை.

கல்யாணத்தில் அருந்ததி காட்டுகிறோமே, அது இன்னும் பெரிய கூத்து. காலை ஒன்பது மணி முகூர்த்தம், ஏசி மண்டபம். புரோகிதர் ஃபால்ஸ் சீலிங்கைக் காட்டுகிறார், மாப்பிள்ளையும் பெண்ணும் தலையை ஆட்டுகிறார்கள், போட்டோகிராபர் படம் எடுக்கிறார். நிஜ அருந்ததி சப்தரிஷி மண்டலத்தின் வாலில், வசிஷ்டருக்கு ஒட்டினாற்போல் மங்கலாக இருக்கிறாள். பங்குனி, சித்திரை இரவுகளில் வடக்கே பார்த்தால் போதும். ஆனால் ஹைமாஸ்ட்டுக்குக் கீழே நின்று பார்த்தால் அருந்ததி கிடைக்கமாட்டாள். நம் பழைய ஆட்கள் கார்த்திகையை அறுமீன் என்றார்கள், ஆறையும் எண்ணிப் பார்த்ததால். இன்று அம்பத்தூரில் நின்று பார்த்தால் ஒரு சின்னப் புகைத் திட்டுதான்.

"சென்னையில் நட்சத்திரமெல்லாம் எப்போதுமே தெரியாது டீச்சர்" என்கிறீர்கள். தப்பு. 1792-லேயே நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் இருந்தது. 1861-ல் போக்சன் அங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு ஏசியா என்று பெயர் வைத்தார். அதே இடத்தில் வேலை பார்த்த நம் ஆள் சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1874-ல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது சாதாரண ஜனங்களுக்குப் புரியும்படி ஒரு சிறு நூலும் எழுதினார். எங்கே? இன்று நாம் சிக்னலில் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும் அந்த நுங்கம்பாக்கத்தில்! இப்போது பெரிய தொலைநோக்கி வேண்டுமென்றால் வாணியம்பாடி தாண்டி ஜவ்வாது மலையில் காவலூருக்குப் போக வேண்டும். அங்கே 2.34 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி 1986-லிருந்து இருக்கிறது. விஞ்ஞானிகளுக்கு மலை கிடைத்துவிட்டது. நமக்கு மொட்டை மாடியும் ஏரிக்கரையும்தான்.

அதுவும் எவ்வளவு வேகமாகக் கைவிட்டுப் போகிறது தெரியுமா? 2023-ல் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. உலகம் முழுக்கப் பொதுமக்கள் வெறும் கண்ணால் பார்த்துப் பதிவு செய்த கணக்கு அது. இரவு வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 சதவீதம் கூடிக்கொண்டே போகிறதாம். ஒரு குழந்தை பிறக்கும்போது ஓர் இடத்தில் 250 விண்மீன்கள் தெரிந்தால், அதற்கு 18 வயதாகும்போது அங்கே சுமார் 100-தான் மிஞ்சும். உங்கள் பிள்ளைகளை நினைத்துக்கொண்டு இந்தக் கணக்கை இன்னொரு முறை படியுங்கள்.

இதில் வெள்ளை எல்இடி தனிக் குற்றவாளி. வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்ற இரண்டு மார்க் கேள்விக்கு ராலே சிதறல் என்று எழுதினீர்களே, அதேதான். குறைந்த அலைநீளமுள்ள நீல ஒளி அதிகம் சிதறும். வெள்ளை எல்இடியில் அந்த நீலம் நிறைய. அதை மூடியில்லாமல் உயரத்தில் கட்டினால் வெளிச்சத்தில் ஒரு பகுதி தரைக்கே வராது. யாருக்கு அந்த வெளிச்சம்? மேலே போகிற விமானத்துக்கா?

இப்போது பாதுகாப்புக்கு வருகிறேன். இதை ஆண்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். முப்பது வருஷம் ஸ்பெஷல் கிளாஸ் முடித்து, பஸ் இறங்கி, ஏழரை மணிக்குத் தனியாக வீட்டுக்கு நடந்தவள் நான். பயந்த இடம் எனக்குத் தெரியும். பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரைக்குமான அந்த நானூறு அடிதான் பயம், ஏரி மைதானமில்லை. நம் பின் தெருவில் இரண்டு விளக்கு மாதக்கணக்கில் எரியவில்லை. அதைப் பற்றிக் குழுவில் எழுதியபோது ஒரு கட்டைவிரலும் விழவில்லை. கண்ணைக் கூசவைக்கும் விளக்கு பாதுகாப்பும் அல்ல. அதற்குப் பின்னால் நிழலில் நிற்கிறவன் முகம் உங்களுக்குத் தெரியாது, உங்கள் முகம் அவனுக்கு நன்றாகத் தெரியும். வேண்டியது தாழ்வான கம்பம், மேலே மூடி, கீழ்நோக்கி விழும் மஞ்சள் வெளிச்சம், 3000 கெல்வினுக்குள். அதைத் தெருவில் போடுங்கள், நானும் சந்தா தருகிறேன்.

பாம்பா? விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குத் தவளை வரும். தவளைக்குப் பின்னால் யார் வருவார் என்று உணவுச் சங்கிலி பாடத்தில் படம் போட்டுக் கொடுத்தேன்.

ஏரியில் இரவிலும் குடியிருப்போர் உண்டு, அவர்களுக்கு வாட்ஸப் கிடையாது. வக்கா கிளம்புவதே இருட்டிய பிறகுதான். வலசை வரும் பறவைகள் பல இரவில்தான் பறக்கின்றன, விண்மீன்களை வைத்துத் திசை அறியும் பறவைகள் உண்டு. பகலில் கூழைக்கடாவைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டுவிட்டு, ராத்திரி அதன் படுக்கையறையில் ட்யூப்லைட் போடுவது என்ன நியாயம்?

இனி, கேலி செய்தாலும் பரவாயில்லை என்று ஒன்று சொல்கிறேன். அவர் போன பிறகு எனக்குப் பல மாதம் தூக்கம் கிடையாது. உறவுக்காரர்கள் அக்கறையோடு தியான வகுப்பு, யோகா பேக்கேஜ், காலை வணக்கத்தோடு தாமரைப்பூ எல்லாம் அனுப்பினீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். தெருவில் தண்ணீர், மின்சாரமில்லை, நம்மில் பலர் பட்ட கஷ்டத்தை நான் மறக்கவில்லை. மேகம் விலகிய ஒரு ராத்திரி மாடியில் புழுக்கத்துக்காக ஏறினேன். கிழக்கே திருவாதிரை சிவப்பாக எழுந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே ரோகிணி. ரோகிணியிலிருந்து ஒளி நமக்கு வந்துசேர சுமார் 65 ஆண்டு ஆகும். நான் பாவாடை கட்டிய குழந்தையாக இருந்தபோது கிளம்பிய வெளிச்சம் அன்றைக்குத்தான் என் கண்ணுக்குள் வந்தது. துக்கம் தீர்ந்துவிட்டது என்று கதை விடமாட்டேன். ஆனால் அன்று தூங்கினேன். அடுத்த நாளும் ஏறினேன். மின்சாரம் வந்ததும் பாதி வானம் போய்விட்டது. இருந்தாலும் இன்று வரை ஏறுகிறேன். ஒரு ரூபாய் கட்டணமில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டிலும் ஆவடி ஃபேக்டரியிலும் செகண்ட் ஷிஃப்ட் முடித்து, நடுராத்திரி சைக்கிள் மிதித்து வந்த உங்கள் அப்பாக்களைக் கேளுங்கள். மணி பார்க்காமலே விடிய எவ்வளவு நேரம் என்று சொல்வார்கள். அவர்கள் பிள்ளைகளான நீங்கள் மன அழுத்தத்துக்கு ஆப் வாங்குகிறீர்கள்.

லடாக்கில் ஹான்லே என்ற ஊரைச் சுற்றியுள்ள பகுதி 2022-ல் இருண்ட வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அந்த ஊர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து, தொலைநோக்கியும் கொடுத்திருக்கிறார்கள். வருகிற ஆட்களுக்கு வானம் காட்டிச் சம்பாதிக்கிறார்கள். டெவலப்மெண்ட் என்று கேட்டவருக்கு இந்தத் தகவல்.

நியூஜெர்சி பிள்ளைகளுக்கு ஒன்று. அகத்தியர் நட்சத்திரம் உங்கள் ஊரில் தொடுவானத்துக்கு மேலே வரவே வராது. நமக்கு இந்த மாசியில் இரவு எட்டு மணிக்கு நேர் தெற்கே, கொஞ்சம் தாழ்வாகத் தெரிகிறது. சரியாக ஏரிக்கு மேலே. ஹைமாஸ்ட் வரப்போவதும் அதே திசைதான்.

ஆகவே ஞாயிறு காலை பத்து மணிக் கூட்டத்தில் நான் கேட்கப்போவது இதுதான். ஹைமாஸ்ட் பணத்தில் முதலில் பின் தெரு விளக்குகளைச் சரிசெய்யுங்கள். நடைபாதைக்கு மூடி போட்ட மஞ்சள் விளக்கு, இரவு பத்து மணிக்கு மேல் அணைப்பு. மரங்களுக்குச் சீரியல் செட் கிடையாது. ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள், கட்டைவிரல் போதாது.

அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை ஏழரை மணிக்கு என் மாடிக்கு வாருங்கள். அமாவாசை நெருக்கம், நிலாத் தொல்லை இல்லை. சிவராத்திரிக்கு விடிய விடிய சினிமா பார்த்துக் கண் விழிக்கிறவர்களுக்கு ஒரு மணி நேரம் பெரிய விஷயமில்லை. பிள்ளைகளை அழைத்து வாருங்கள், அந்த நேரத்தில் வானில் தெரியும் நட்சத்திரங்களைக் காட்டுகிறேன் (பரணிக்காரர்கள் கோபிக்க வேண்டாம், அது ரொம்ப மங்கல்). கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும், அதனால் செல்போன் கீழேயே இருக்கட்டும். டார்ச் கொண்டுவந்தால் சிவப்புக் கண்ணாடித் தாள் சுற்றிக் கொண்டுவாருங்கள். பாயும் கொசுவத்தியும் நான் வைக்கிறேன்.