கணினியும் தமிழாசிரியரும்

தமிழ் கற்பிப்போர் கணினியும் கற்றல் வேண்டுமோ என்னும் வினா எம் போன்றாரிடையே இன்றும் எழுகின்றது. வேண்டும், ஆயினும் அஃது எளிதன்று என்பதே எமது விடையாகும்.

நம் கல்லூரியிற் கற்று, பசறையில் ஆசிரியப் பணி தொடங்கிய காலத்தில், வினாத்தாளை மெழுகுத்தாளில் எழுதி ரோணியோப் பொறியில் உருட்டினோம். பின்னர்க் கணினி வந்தது. பல திங்கள் முயன்று பாமினி எழுத்துருவிற் பழகினோம். சென்ற ஆண்டு பன்னிரண்டு பக்கக் கட்டுரையொன்றைத் தட்டெழுதி மின்னஞ்சலில் அனுப்பினோம். பெற்றவர் திரையில் ஒரு தமிழெழுத்தேனுந் தோன்றவில்லை; ஆங்கில எழுத்துக்களே பொருளின்றி நிரம்பியிருந்தன.

காரணம் யாது? பாமினி போன்றவை ஆங்கில எழுத்துக்களுக்குரிய இடங்களிலே தமிழ் வடிவங்களை ஏற்றி வைத்தவை. 'தமிழ்' என நாம் காண்பதைக் கணினி ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி என்றே கொள்கின்றது. எழுத்துரு இல்லாவிடத்து வேடங் கலைந்துவிடும். 1991ஆம் ஆண்டில் வெளிவந்த யூனிகோட் முறையோ தமிழுக்கெனத் தனியிடம் வகுத்தது. அதில் எழுதியது எங்குந் தமிழாகவே நிற்கும், தேடினாற் கிடைக்கும்.

ஆதலின், 1999ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு ஏற்ற 'தமிழ் 99' விசைப்பலகையைப் பயிலத் துணிந்தோம். பாமினியில் 'கொ' எழுதுவதற்குக் கொம்பு, ககரம், கால் என மூன்றையும் கையெழுத்து முறையிலே இடுவோம். புதிய முறையிற் ககரத்தை அடுத்து ஒகரத்தைத் தட்டினாற் போதும். அறிவு இதனை ஏற்றது, விரல்கள் ஏற்கவில்லை. ஒரு பக்கத்துக்கு ஒரு மாலைப்பொழுது கழிந்தது. சினந்து கணினியை அணைத்த நாள்களும் உள.

அவ்வேளை அருகிருந்த பத்தாந் தர மாணவனொருவன், "சேர், மெய்யும் உயிரும் சேர்ந்தால் உயிர்மெய் என்று நீங்கள்தானே படிப்பித்தீர்கள்?" என்றான். நாணினோம். யாம் கற்பித்த இலக்கணமே அவ்விசைப்பலகையின் ஒழுங்காயிருந்தது. அன்று முதல் அவனே எமக்கு ஆசிரியன்.

இளையோரைக் கொண்டு தட்டெழுதுவித்தலே சாலுமென்பர் சிலர். அங்ஙனஞ் செய்து, லகர ளகர ழகரங்கள் வினாத்தாளில் மயங்குமாயின், மாணவர் எதனை நம்புவர்? அவர்கள் கைபேசியில் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதும்போது திருத்துதற்கும் நமக்குத் தகுதி வேண்டுமன்றோ? 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தத்தாற் தமிழும் அரசகரும மொழியாயிற்று. லயன் அறையிலிருந்து அரச அலுவலகத்துக்குத் தமிழில் மடல் வரைய உரிமையுண்டு. எழுத வகையறியாதவர்க்கு அவ்வுரிமையாற் பயன் யாது?

பழைய மாணவர் சங்கத்தார்க்கு எமது வேண்டுகோள் இதுவே. கணினிகளை அன்பளிப்புச் செய்வதோடு அமையற்க. நம் கல்லூரியிலும் அயலிலுள்ள தோட்டப் பாடசாலைகளிலும் சனிக்கிழமைதோறும் ஒரு மணிநேரத் தமிழ்த் தட்டெழுத்துப் பயிற்சிக்கு வழி செய்க. தமிழ் 99 ஆயினுமாகுக. 2008ஆம் ஆண்டில் இலங்கைத் தரமாக ஏற்கப்பட்ட இரங்கநாதன் விசைப்பலகை ஆயினுமாகுக. ஒன்றைத் தெரிந்து அதனிலேயே நிற்றல் வேண்டும். அவ்வகுப்பில் ஆசிரியரும் மாணவரும் ஒரே வாங்கில் அமர்தல் வேண்டும். முதலில் வந்தமர யாம் ஆயத்தமாயுள்ளோம்.