மலைச்சரிவும் காரட் பாத்தியும்



மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் உருளைக்கிழங்கையும் காரட்டையும் பேரம் பேசி வாங்குகிறோம். அவை விளைந்த நிலம் எத்தகையது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? இம்மாதம் அதைப் பற்றிச் சற்றுச் சிந்திப்போம்.

1986-ஆம் ஆண்டு இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக நீலகிரி அறிவிக்கப்பட்டது. தமிழகம், கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களிலும் 5,520 சதுர கிலோமீட்டர் பரப்பில் அது விரிந்து கிடக்கிறது. காப்பகம் என்றதும் வேலியிட்ட காடு என்று நினைத்துவிடக் கூடாது. மையப் பகுதியில்தான் காடு தொடப்படாமல் விடப்படுகிறது. அதைச் சுற்றிலும் ஊர்கள் உண்டு, தேயிலை உண்டு, காய்கறித் தோட்டங்களும் உண்டு. ஆகவே எந்தச் சரிவில் எதைப் பயிரிடுவது என்பது அங்கே உயிர்ப் பிரச்சினையாகிறது.

அம்மலை நீரைச் சேமிக்கும் விதம் விந்தையானது. மலை மடிப்புகளில் சோலைக்காடு, மேட்டில் புல்வெளி, பள்ளத்தில் சதுப்பு. பெய்யும் மழையை இம்மூன்றும் உறிஞ்சி வைத்து, சிறுகச் சிறுக ஓடைகளுக்கு விடுகின்றன. ஆங்கிலேயர் காலத்தில் புல்வெளிகளில் கற்பூர மரமும் சீகை மரமும் நடப்பட்டன. பின்னர்ப் பள்ளத்துச் சதுப்புகளையும் வடித்துக் காய்கறி பயிரிட்டார்கள். கறுத்த, வளமான மண்ணாயிற்றே, யார் விடுவார்?

உருளைக்கிழங்கின் கதையைக் கேளுங்கள். வேரில் நீர் தங்கினால் கிழங்கு அழுகிவிடும். அதற்கு அஞ்சியே உழவர் பார்களை மேலிருந்து கீழாக, சரிவின் போக்கிலேயே அமைக்கிறார். கிழங்கு தப்பிவிடுகிறது, மண்தான் ஓடைக்குப் போய்விடுகிறது. சரிவுக்குக் குறுக்கே, உட்புறம் சற்றே சாய்ந்த படிக்கட்டு வயல்களை அமைத்து, மிகை நீரைப் புல் வளர்த்த வாய்க்கால் வழியே இறக்கினால் கிழங்கும் தப்பும், மண்ணும் தங்கும். ஆனால் அதற்குச் செலவு மிகுதி. விளையும் பரப்பிலும் கொஞ்சம் குறையும். ஓராண்டுக் குத்தகைக்கு நிலம் எடுத்தவர் பல்லாண்டு நிற்கும் படிக்கட்டை எதற்காகக் கட்டப் போகிறார்? மேலும், நூறடி தூரத்திற்கு 33 அடிக்கு மேல் ஏறும் செங்குத்துச் சரிவில் படிக்கட்டும் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. அங்கே மரமும் புல்லுமே பொருத்தம்.

சட்டம் இல்லாமல் இல்லை. மலைப்பகுதி மரங்களைக் காக்க 1955-இல் வந்த தமிழகச் சட்டமே மலைநிலத்தைப் பயிரிடுவதையும் முறைப்படுத்துகிறது. குறை எங்கே என்றால், அனுமதியெல்லாம் புல எண் வாரியாகப் பார்க்கப்படுகிறது. மழைநீருக்குப் புல எண் தெரியுமா? ஒரு முகட்டிலிருந்து அதன் அடியில் ஓடும் ஓடை வரை முழுவதையும் ஒரே நிலமாகக் கொண்டு திட்டமிட வேண்டும். மேலே மரம், நடுவே தேயிலையோ தீவனப் புல்லோ, தணிந்த சரிவில் படிக்கட்டுக் காய்கறி, பள்ளத்துச் சதுப்பு சதுப்பாகவே இருக்கட்டும்.

2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பெருமழையின்போது ஏற்பட்ட மண்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இதற்கெல்லாம் உழவரையே பழிப்பது அநியாயம். சாலைக்கும் கட்டடத்திற்கும் மலையை வெட்டியவர்கள் யார்? 2024 ஜூலை 30-ஆம் நாள் வயநாட்டில் ஊர்களையே விழுங்கிய சரிவு, மேலே காட்டுப் பகுதியில்தான் தொடங்கியது.

இன்னொன்றையும் கூற வேண்டும். நீலகிரியில் இறங்கும் நீர், மோயாறாகவும் பவானியாகவும் பவானிசாகர் அணைக்கு வந்து, ஈரோட்டுப் பகுதி வயல்களுக்குப் பாய்கிறது. சதுப்பைப் பயிரிடாமல் விடும் மலை உழவர் இழப்பது தம் காரட் வருமானத்தை. பயன் பெறுவதோ சமவெளியில் உள்ள நாம். அந்த இழப்பில் ஒரு பங்கையேனும் ஆண்டுதோறும் அவருக்கு ஈடு செய்வதும், குத்தகைக் காலத்தை ஐந்தாண்டுக்குக் குறையாமல் வைத்துப் படிக்கட்டுச் செலவை நில உரிமையாளரும் அரசும் பகிர்ந்து கொள்வதும்தான் நீதி என்பது என் கருத்து.