பிஎஸ் 6 லீக்: சிப் பற்றிச் சொல்வார்கள், விலை பற்றி? இப்போ வாங்கலாமா, காத்திருக்கலாமா?

பிளேஸ்டேஷன் 5 வாங்கலாம் என்று முடிவெடுத்து, இஎம்ஐ கணக்கெல்லாம் போட்டு முடித்த பிறகு ஆபீஸ் நண்பர் ஒருவர் வருவார். "பிஎஸ் 6 வரப்போகுதாமே, இப்போ போய் 50 ஆயிரத்தைக் கொட்டணுமா?" அவ்வளவுதான். அடுத்த மாதம் பார்க்கலாம், தீபாவளிக்குப் பார்க்கலாம் என்று வாங்கும் திட்டம் தள்ளிக்கொண்டே போகும்.

அதிகாரபூர்வமாகச் சொல்லப்பட்டது கொஞ்சம்தான். பிளேஸ்டேஷனின் தலைமை வடிவமைப்பாளர் மார்க் செர்னியும், ஏஎம்டி நிறுவனத்தின் ஜாக் ஹுயினும் 2025 அக்டோபரில் ஒரு வீடியோவில் சேர்ந்து பேசினார்கள். 'புராஜெக்ட் அமேதிஸ்ட்' என்ற கூட்டு முயற்சியில் உருவாகும் புது கிராபிக்ஸ் தொழில்நுட்பங்கள் பற்றிய விளக்கம் அது. இவை இப்போதைக்கு சிமுலேஷனில் மட்டுமே இருக்கின்றன, சில ஆண்டுகளில் வரப்போகும் ஒரு கன்சோலில் கொண்டுவர ஆவலாக இருக்கிறேன் என்றார் செர்னி. பெயர் இல்லை, தேதி இல்லை, விலையும் இல்லை. மற்றபடி சுற்றிக்கொண்டிருப்பதில் பெரும்பகுதி ஊகம்.

ஊகம் என்பதற்காகவே எல்லாவற்றையும் பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. எது நிஜமாகிறது, எது சொதப்புகிறது என்பதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது.

ஹார்டுவேர் விஷயத்தில் லீக்குகள் பல முறை சரியாகவே இருந்திருக்கின்றன. 2022 தொடக்கத்தில் ஹேக்கர்கள் என்விடியாவின் தகவல்களைத் திருடினார்கள். அதில் 'என்விஎன் 2' என்ற பெயர் சிக்கியது. நின்டெண்டோ ஸ்விட்சின் கிராபிக்ஸ் மென்பொருளுக்குப் பெயர் 'என்விஎன்' என்பதால், இது அடுத்த ஸ்விட்சுக்கானது என்று பலரும் ஊகித்தார்கள். கூடவே, குறைந்த ரெசல்யூஷன் படத்தை ஏஐ மூலம் தெளிவாக்கும் டிஎல்எஸ்எஸ் பற்றிய குறிப்பும் இருந்தது. மூன்று வருடம் கழித்து வந்த ஸ்விட்ச் 2-ல் என்விடியா சிப், டிஎல்எஸ்எஸ் இரண்டுமே இருந்தன. 2025 ஜனவரியில் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த சிஇஎஸ் கண்காட்சியிலோ, கெங்கி என்ற துணைக்கருவி நிறுவனம் ஸ்விட்ச் 2-ன் மாதிரி ஒன்றையே மேஜையில் வைத்துக் காட்டியது. நின்டெண்டோ இன்னும் கன்சோலை அறிமுகமே செய்யவில்லை! பிறகு வழக்கும் போட்டது.

காரணம் எளிது. சிப்பைச் சில வருடங்களுக்கு முன்பே வடிவமைத்தாக வேண்டும். கேம் உருவாக்கும் ஸ்டூடியோக்களுக்கு முன்கூட்டியே விவரம் கொடுத்தாக வேண்டும். கவர், கேஸ் தயாரிப்பவர்களுக்கு அளவு தெரிந்தாக வேண்டும். இத்தனை பேர் கையில் இருப்பது எப்படி ரகசியமாக இருக்கும்? பிஎஸ் 5 ப்ரோ கிராபிக்ஸ் சுமார் 45 சதவீதம் வேகம் என்ற தகவல் 2024 மார்ச்சிலேயே வெளியே வந்துவிட்டது. செப்டம்பரில் செர்னி சொன்னதும் அதே 45தான்.

பெயர் கதை வேறு. அது ஒரு சிலருக்கு மட்டுமே தெரிந்திருந்தால் போதும், எந்தத் தொழிற்சாலைக்கும் அது முன்கூட்டியே தேவையில்லை. 'ரெவல்யூஷன்' என்று எல்லோரும் பழகிவிட்ட கன்சோலுக்கு 2006 ஏப்ரலில் 'வீ' என்று பெயர் வைத்தபோது சிரிக்காதவர்கள் குறைவு. ஆனால் விற்றது 10 கோடிக்கும் மேல். அடுத்ததாக 'வீ யு' என்று வைத்தார்கள். அது புது கன்சோலா, பழையதற்கான உதிரிக் கருவியா என்றே பலருக்குப் புரியவில்லை. விற்பனை சுமார் 1.35 கோடியோடு நின்றது. பெயர் மட்டுமே காரணமில்லைதான், ஆனால் அதுவும் ஒரு காரணம். 'எக்ஸ்பாக்ஸ் 720' என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தபோது மைக்ரோசாஃப்ட் வைத்த பெயர் 'எக்ஸ்பாக்ஸ் ஒன்'. சோனி மட்டும்தான் இந்த வம்பே வேண்டாம் என்று எண்ணை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகிறது.

முழுப் பொய்யும் உண்டு. 2016 மார்ச்சில், ஸ்விட்சின் கன்ட்ரோலர் என்று முட்டை வடிவத்தில் பட்டனே இல்லாத ஒரு கருவியின் படங்கள் பரவின. நின்டெண்டோவின் ஒரு காப்புரிமை விண்ணப்பத்தில் இருந்த ஓவியத்தோடு அது அப்படியே ஒத்துப்போனது, அதனால்தான் அத்தனை பேர் நம்பினார்கள். சில நாளில், படம் தயாரித்தவர்களே எப்படிச் செய்தோம் என்று காட்டிவிட்டார்கள்.

ஆனால் பணத்துக்கு உலை வைப்பது பாதி உண்மையான லீக்தான். 2021-ல் 'ஸ்விட்ச் ப்ரோ' வருகிறது, ஓஎல்இடி திரை, டிவியில் 4கே தரம் என்று பேச்சு. வந்தது என்னவோ ஓஎல்இடி திரை மட்டும். 4கே வரட்டும் என்று அப்போது உட்கார்ந்தவர்கள் 2025 ஜூன் 5 வரை காத்திருக்க வேண்டியதாகிவிட்டது. நான்கு வருடம்!

விலை? அதுதான் கடைசியில் முடிவாகிறது. ஸ்விட்ச் 2-ஐ ஜனவரி 16 அன்று காட்டினார்கள், விலை சொல்லவில்லை. ஏப்ரல் 2 அன்று 449.99 டாலர் என்றார்கள். அதே நாளில் அமெரிக்க அரசு புது இறக்குமதி வரிகளை அறிவித்தது. ஏப்ரல் 9-ல் தொடங்க வேண்டிய அமெரிக்க முன்பதிவு 24-க்குத் தள்ளிப்போனது. சொந்தப் பொருளின் முன்பதிவையே தயாரித்த நிறுவனம் திட்டமிட்டபடி தொடங்க முடியவில்லை, இதில் லீக்கர் எங்கே சொல்வது?

இந்தியாவுக்கு இன்னொரு அடுக்கு சிக்கல். 2020 நவம்பரில் வெளிநாடுகளில் விற்பனைக்கு வந்த பிஎஸ் 5 இங்கே வந்தது 2021 பிப்ரவரி 2-ல், 49,990 ரூபாய்க்கு. புதுசு வந்தால் பழசு மலிவாகும், நாளானால் விலை இறங்கும் என்பது பழைய கணக்கு. 2022 நவம்பரில் அதே பிஎஸ் 5 இங்கே 54,990 ஆனது. அமெரிக்காவிலும் 2025 ஆகஸ்டில் 50 டாலர் ஏறியது. அவ்வப்போது சலுகை விற்பனை வருகிறது, உண்மைதான். ஆனால் 'காத்திருந்தால் லாபம்' என்ற நம்பிக்கை இந்தத் தலைமுறைக் கன்சோலில் எடுபடவில்லை.

பிஎஸ் 5 ப்ரோ கதை இன்னும் கொடுமை. 45 சதவீதம் வேகம் என்று படித்துவிட்டு, பிஎஸ் 5 வாங்காமல் காத்திருந்தவர்களுக்கு 2024 நவம்பரில் கிடைத்த பதில்: இந்தியாவில் ரிலீஸ் இல்லை. அதில் உள்ள புது வைஃபைக்குத் தேவையான 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அப்போது இங்கே அனுமதி இல்லை என்பதுதான் காரணம். கன்சோல் சரி, சிப் சரி, வைஃபை தடுத்துவிட்டது.

ஆகவே, டிவியும் நேரமும் இருந்து கன்சோல் மட்டும் இல்லாதவர், விலையும் தேதியும் இந்தியாவுக்கென்று அறிவிக்கப்படாத ஒரு பெட்டிக்காக இரண்டு மூன்று வருடம் விளையாடாமல் இருப்பதில் அர்த்தமில்லை. ஏற்கெனவே பிஎஸ் 5 வைத்திருப்பவர் அவசரப்பட வேண்டியதும் இல்லை. வாங்கிய கேம்கள் வீணாகுமோ என்ற பயம்தான் பலருக்கும் மிச்சமிருக்கும். பிஎஸ் 4 கேம்களில் மிகப் பெரும்பாலானவை பிஎஸ் 5-ல் ஓடுகின்றன, இரண்டிலும் இருப்பது ஏஎம்டி சிப். அடுத்ததற்கும் சோனி ஏஎம்டியோடுதான் கைகோத்திருக்கிறது. இன்று வாங்கும் கேம் அதிலும் ஓட வாய்ப்பு அதிகம்.