பாறைக்கு எனாமல் பூசாதீர்கள்

மலை ரயில் மாதிரி செய்கிறவர்கள் மீது எனக்குத் தீராத கோபம் ஒன்று உண்டு. எஞ்சினுக்கு இரண்டு மாதம் செலவழிப்பார்கள். பல்சக்கரம், பிஸ்டன், நீலமும் க்ரீமுமாகப் பெட்டிகள், எல்லாம் அச்சு அசல். பாறைக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அரை மணி நேரம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் கொட்டி, டப்பாவிலிருந்து சாம்பல் எனாமலை அப்பினால் மலை ரெடி!

சமீபத்தில் ஒரு கண்காட்சியில் அப்படித்தான், குளித்துக் கரையேறிய எருமைகள் வரிசையாகப் படுத்தாற்போல் பளபளவென்று இருந்தது. கேட்டால், "பாறைன்னா கறுப்புதானே சார்?" என்கிறார் செய்தவர்.

கறுப்பா? நீலகிரிப் பாறை சார்னோக்கைட். நம் பல்லாவரத்துக் கல்லும் அதே இனம்தான். (கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருப்பது இந்தக் கல், அவர் பெயரே கல்லுக்கும் ஒட்டிக்கொண்டது.) புதிதாக உடைத்த முகம் நீலம் ஓடிய சாம்பல். வெயிலும் மழையும் பட்ட முகம் துருப் பழுப்பு. தண்ணீர் கசியும் இடத்தில்தான் கறுப்புக் கோடு. இதற்கு மேல் வெளிறிய கற்பாசித் திட்டுகள் வேறு.

பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சும். அதுதான் நமக்குக் கிடைத்த வரம். எனாமல் அதன் வாயை அடைத்துவிடுகிறது. போஸ்டர் கலரை நீர்மோர் மாதிரி கரைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் காவியை அங்கங்கே ஒற்றி, இடையிடையே பழுப்பை வைத்து, காய்வதற்குள் இன்னும் நீர்த்த கறுப்பை மேலிருந்து வழிய விடுங்கள். பள்ளத்தைத் தேடி அதுவே போய்த் தங்கும். காய்ந்தால் வெளுக்கும், ஈரத்தில் பார்த்துப் பயப்பட வேண்டாம். கடைசியில் கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷ்ஷால் வெளிர் சாம்பலை விளிம்புகளில் மட்டும் தடவுங்கள். அவ்வளவுதான்.

"ரயிலைப் பார்க்கத்தானே வருகிறார்கள், பாறையை யார் பார்க்கிறார்கள்?" என்று வாதிடுவார்கள். பாறை இல்லாவிட்டால் அந்த ரயிலுக்குப் பல்சக்கரம் எதற்கு? 46 கிலோமீட்டரில் 16 சுரங்கங்கள், 208 வளைவுகள். குன்னூர் வரை 1899-லேயே வண்டி ஓடியது. வழியில் வெட்டுப்பாறையெல்லாம் இயற்கை செதுக்கியதல்ல. கையால் துளை அடித்து, வெடி வைத்துப் பிளந்தது. அப்படிப் பிளந்த பாறையில் துளையின் பாதி ஒரு நீள வரியாகத் தங்கிவிடும். 87-ல் ஒரு பங்கு அளவில் அது தையல் ஊசி கனம். பிளாஸ்டர் முக்கால்வாசி இறுகியதும் ஊசியைப் படுக்கவைத்து அழுத்தினால் வந்துவிடும். எல்லாப் பாறையிலும் அல்ல, தண்டவாளத்தை ஒட்டிய வெட்டு முகத்தில் மட்டும்.

அந்தக் கண்காட்சிப் பலகையில் வெள்ளைக்கார என்ஜினியர்களைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. சம்மட்டி அடித்தவர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. அவர்கள் போட்டுவிட்டுப் போன கையெழுத்து அந்த வரிகள்தான். அதையும் எனாமலால் மெழுகிவிட்டால் எப்படி ஐயா?

மேட்டுப்பாளையத்திலிருந்து காலை வண்டியில் ஒரு தடவை குன்னூர் வரை போங்கள். எஞ்சினை எல்லோரும் படம் எடுப்பார்கள். நீங்கள் கல்லாறு தாண்டியதும் ஜன்னலோரப் பாறையை எடுங்கள். முந்தின நாள் மழை பெய்திருந்தால் ரொம்ப நல்லது.