பால் பல் சொன்ன சாட்சி

குழந்தைக்கு ஆறு, ஏழு வயதில் பால் பல் விழும். நம் ஊர்களில் அந்தப் பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரை மேல் எறிவார்கள். அமெரிக்காவில் தலையணைக்கு அடியில் வைப்பார்கள். இரவில் ஒரு தேவதை வந்து பல்லை எடுத்துக்கொண்டு, காசு வைத்துவிட்டுப் போகும் என்பது அந்த ஊர்ப் பிள்ளைகளின் நம்பிக்கை.

1958-ம் ஆண்டு கடைசியில், அமெரிக்காவில் உள்ள செயின்ட் லூயிஸ் நகரத்துத் தாய்மார்கள் வேறொரு காரியம் செய்யத் தொடங்கினார்கள். விழுந்த பல்லை உறையில் போட்டு விஞ்ஞானிகளுக்கு அனுப்பினார்கள்.

எதற்காக?

அணுகுண்டின் நஞ்சு தங்கள் குழந்தையின் எலும்பில் ஏறியிருக்கிறதா என்று தெரிந்துகொள்வதற்காக!

இரண்டு பயங்கள்

அந்தக் காலத்தில் அமெரிக்க மக்களை இரண்டு பயங்கள் ஆட்டி வைத்தன. ஒன்று, அணுகுண்டுப் பயம். இன்னொன்று, கம்யூனிஸ்டுப் பயம்.

1945-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஹிரோஷிமா, நாகசாகி நகரங்கள் மீது அமெரிக்கா அணுகுண்டு போட்டது. அப்போது அந்த ஆயுதம் வேறு யாரிடமும் இல்லை. நான்கே ஆண்டுகளில் நிலைமை மாறியது. 1949 ஆகஸ்டு 29-ந்தேதி ரஷியாவும் அணுகுண்டு வெடித்தது. 1952-ல் அமெரிக்கா அதைவிடக் கொடிய ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. அடுத்த ஆண்டே ரஷியாவும் ஹைட்ரஜன் ரகக் குண்டு ஒன்றை வெடித்துக் காட்டியது.

அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குப் புதுப் பாடம் நடந்தது. குண்டு விழுந்தால் மேஜைக்கு அடியில் குனிந்து, தலையை மூடிக்கொள்ள வேண்டும்! 1952-ல் இதற்காகவே சர்க்கார் ஒரு சினிமாப் படம் காட்டியது. ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொள்ளும் ஓர் ஆமைதான் அதில் பிள்ளைகளுக்கு வழிகாட்டி.

கம்யூனிஸ்டுப் பயமும் வெறும் கற்பனை அல்ல. அணுகுண்டு ரகசியங்களை ரஷியாவுக்குக் கொடுத்ததாக விஞ்ஞானி கிளாஸ் பூக்ஸ் 1950-ல் ஒப்புக்கொண்டார். 1956-ல் ஹங்கேரி மக்களின் புரட்சியை ரஷிய டாங்கிகள் நசுக்கின. ஆனால், நியாயமான பயம் வெறியாக மாறியது. சர்க்கார் இலாகாவில் கம்யூனிஸ்டுகள் புகுந்துவிட்டார்கள் என்று மெக்கார்த்தி என்ற செனட்டர் 1950-ல் கூச்சல் போட்டார். ஒருவரைக் கைகாட்டிவிட்டால் போதும். அவர் வேலை போகும். மானம் போகும்.

ரஷியாவிலும் பயம் இருந்தது. இரண்டாவது உலகப்போரில் கோடிக்கணக்கான உயிர்களைப் பறிகொடுத்த நாடு அது. எதிரியிடம் நம்மைவிடப் பெரிய குண்டு இருந்துவிடக்கூடாது என்று இரு தரப்பும் நினைத்தன. அதனால் குண்டுகள் பெருகின. குண்டுகள் பெருகப் பெருக, பயமும் பெருகியது.

பாலில் கலந்த நஞ்சு

சோதனைக் குண்டுகளைத் திறந்த வெளியில் வெடித்தார்கள். அமெரிக்கா தன் சொந்த மண்ணிலேயே, நெவாடா பாலைவனத்தில் 1951 முதல் வெடித்தது. வெடித்த குண்டின் தூசி மேலே போகும். காற்றோடு பல நூறு மைல் பயணம் செய்யும். பிறகு மழையோடு கீழே இறங்கும்.

அந்தத் தூசியில் ஸ்டிரான்சியம்-90 என்று ஒரு பொருள் உண்டு. அது சுண்ணாம்புச் சத்தைப் போன்றது. மழையோடு இறங்கிப் புல்லில் சேரும். புல்லைத் தின்ற பசுவின் பாலில் வரும். பாலைக் குடித்த குழந்தையின் உடம்பு, அதைச் சுண்ணாம்புச் சத்து என்றே எண்ணி எலும்பிலும் பல்லிலும் சேர்த்துக்கொள்ளும். அங்கே இருந்தபடி அது கதிர் வீசும். அதன் வீரியம் பாதியாகக் குறையவே சுமார் 29 ஆண்டுகள் ஆகும்.

இதன் கொடுமையை உலகம் 1954-ல் கண்கூடாகக் கண்டது. மார்ச் 1-ந்தேதி பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு வெடித்தது. தூரத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகின் மீது வெள்ளைச் சாம்பல் கொட்டியது. படகில் இருந்த 23 பேரும் நோயில் விழுந்தார்கள். ஒருவர் செப்டம்பரில் இறந்தார். அந்த ஏப்ரல் மாதமே, "சோதனைகளை நிறுத்துங்கள்" என்று பிரதமர் நேரு வல்லரசுகளைக் கேட்டுக்கொண்டார்.

மூன்று லட்சம் பற்கள்

"குழந்தைகள் உடம்பில் எவ்வளவு நஞ்சு ஏறியிருக்கிறது?" இந்தக் கேள்விக்கு விடை காண்பது எப்படி? குழந்தையின் எலும்பை எடுத்துச் சோதிக்க முடியுமா? முடியாது. பால் பல்லைச் சோதிக்கலாம். அது தானாக விழுவது. குழந்தை கருவில் இருக்கும்போதும், பிறந்த முதல் வருஷத்திலும் உடம்பில் சேர்ந்தது என்ன என்பதற்கு அதுவே சாட்சி.

செயின்ட் லூயிஸ் விஞ்ஞானிகளும் பொதுமக்களும் சேர்ந்து ஒரு கமிட்டி அமைத்தார்கள். டாக்டர் லூயிஸ் ரைஸ் என்ற பெண் மருத்துவர் பல் சேகரிப்பை நடத்தினார். பல் அனுப்பிய ஒவ்வொரு பிள்ளைக்கும் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லை கிடைத்தது. 1970 வரை சுமார் 3 லட்சத்து 20 ஆயிரம் பற்கள் வந்து சேர்ந்தன.

அந்தப் பற்கள் உண்மையைச் சொல்லின. சோதனைகள் கூடக் கூட, பற்களில் நஞ்சும் கூடியது. 1950-ல் பிறந்த குழந்தைகளைவிட 1963-ல் பிறந்த குழந்தைகளின் பற்களில் ஸ்டிரான்சியம்-90 சுமார் 50 மடங்கு அதிகமாக இருந்தது.

"நீங்கள் கம்யூனிஸ்டா?"

1961 நவம்பர் 1-ந்தேதி அமெரிக்க நகரங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஊர்வலம் போனார்கள். "குழந்தைக்கு நல்ல பால் வேண்டும்" என்பதே அவர்கள் கோரிக்கை.

அதற்கு என்ன பதில் கிடைத்தது? 1962 டிசம்பரில், தேசவிரோதச் செயல்களை விசாரிக்கும் பார்லிமெண்டுக் கமிட்டி அந்தப் பெண்களைக் கூப்பிட்டது. உங்கள் இயக்கத்தில் கம்யூனிஸ்டுகள் இருக்கிறார்களா என்று துருவியது.

பெண்கள் பயப்படவில்லை. கைக்குழந்தைகளுடன் வந்து விசாரணை மண்டபத்தை நிரப்பினார்கள். சாட்சி சொல்ல வந்தவர்களுக்குப் பூச்செண்டு கொடுத்தார்கள். கமிட்டியைப் பார்த்து நாடே சிரித்தது.

விஞ்ஞானி லைனஸ் பாலிங்கும் இப்படி விசாரிக்கப்பட்டவர்தான். சோதனையை நிறுத்தக் கோரி உலக விஞ்ஞானிகளிடம் கையெழுத்து வாங்கி, 1958-ல் ஐக்கிய நாடுகள் சபையிடம் கொடுத்தவர் அவர். கையெழுத்து வாங்க உதவியவர்கள் யார் யார் என்று 1960-ல் செனட் கமிட்டி கேட்டது. பெயர்களைச் சொல்ல அவர் மறுத்துவிட்டார்.

ரஷியாவில் மட்டும் என்ன வாழ்ந்தது? அங்கே ஊர்வலம் போகவே வழி இல்லை. ரஷிய ஹைட்ரஜன் குண்டை உருவாக்கிய விஞ்ஞானி சகாரவ், "மீண்டும் சோதனை வேண்டாம்" என்று 1961-ல் குருஷேவிடம் எழுதிக் கொடுத்தார். அரசியலில் தலையிடாதே என்று எல்லார் முன்னிலையிலும் குருஷேவ் அவரைக் கடிந்துகொண்டார். அதே ஆண்டு அக்டோபர் 30-ந்தேதி ரஷியா வெடித்த குண்டு, ஹிரோஷிமா குண்டைப் போல் மூவாயிரம் மடங்குக்கும் மேல் வலிமை உடையது!

மாஸ்கோவில் கையெழுத்து

1962 செப்டம்பரில் ராஜாஜி வாஷிங்டன் போனார். அப்போது அவருக்கு வயது 83. ஜனாதிபதி கென்னடியைச் சந்தித்து, அணுகுண்டுச் சோதனையை நிறுத்தும்படி வற்புறுத்தினார். அடுத்த மாதமே கியூபா நெருக்கடி வந்தது. 13 நாட்கள் உலகம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது. பயத்தை வளர்த்தால் எங்கே கொண்டுபோய்விடும் என்பதை இரு தலைவர்களும் அப்போது கண்டார்கள்.

1963 ஆகஸ்டு 5-ந்தேதி மாஸ்கோவில் அமெரிக்கா, ரஷியா, இங்கிலாந்து மூன்றும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. வானத்திலும், கடலிலும், விண்வெளியிலும் இனி அணுகுண்டுச் சோதனை இல்லை! அந்த ஒப்பந்தத்தைப் பற்றி நாட்டு மக்களிடம் பேசியபோது, குழந்தைகளின் எலும்பில் வரும் புற்றுநோயைக் கென்னடி குறிப்பிட்டார். தாய்மார்களின் குரல் அவர் காதில் விழுந்திருந்தது.

ஒப்பந்தம் அரைகுறைதான். பூமிக்கு அடியில் சோதனைகள் தொடர்ந்தன. ஆனாலும், பிறகு பிறந்த குழந்தைகளின் பற்களில் நஞ்சு குறைந்தது.

இன்று 9 நாடுகளிடம் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அணு ஆயுதங்கள் இருக்கின்றன. எதிரியைக் காட்டிப் பயமுறுத்துவதும், கேள்வி கேட்பவருக்குத் துரோகிப் பட்டம் கட்டுவதும் இன்னும் பல நாடுகளில் ஓயவில்லை.

எதிரி இருக்கலாம். அவனிடம் எச்சரிக்கையாகவும் இருக்க வேண்டும். ஆனால், "என் குழந்தை குடிக்கும் பாலில் என்ன இருக்கிறது?" என்று கேட்கும் தாய் எதிரி அல்ல. அவளுக்குப் பதில் சொல்வது சர்க்காரின் கடமை. அந்தக் கேள்வியை விடாமல் கேட்டதால்தான் செயின்ட் லூயிஸ் தாய்மார்கள் வென்றார்கள்.