காமிக் கானுக்குச் செல்லும் குடும்பத்தாருக்கு



"பிள்ளைகள் காமிக் கானுக்குப் போகவேண்டும் என்று பிடிவாதம் செய்கிறார்கள். அஃது என்ன? அனுப்பலாமா?" என்று பீன்யா தொழிற்பேட்டைப் பக்கத்து அன்பர் சிலர் கேட்டுள்ளனர். முகத்தில் வண்ணம் பூசி, முதுகில் அட்டைச் சிறகு கட்டிக்கொண்டு மெட்ரோவில் ஏறும் இளைஞரைக் கண்டால் பெற்றோர்க்கு ஐயம் எழுவது இயல்பே. எம் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம். அனுப்ப வேண்டா, அழைத்துச் செல்லுங்கள்.

சித்திரக் கதைகளை விரும்புவோரும் வரைவோரும் ஆண்டுக்கொரு முறை கூடும் திருவிழா இது. அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் 1970இல் ஏறத்தாழ 300 பேர் ஓர் ஓட்டலில் கூடியது இன்று உலகெங்கும் பரவியுள்ளது. நம் நாட்டில் ஜதின் வர்மா என்பார் 2011 பிப்ரவரியில் தில்லி ஹாட்டில் இதனைத் தொடங்கினார். மறு ஆண்டே பெங்களூரில் கோரமங்களா உள்விளையாட்டரங்கில் நடந்தது. அண்மை ஆண்டுகளில் வைட்ஃபீல்டு கண்காட்சி வளாகத்தில் நடந்து வருகிறது. சென்னைக்கு 2024இல்தான் வந்தது. ஊரிலுள்ள உறவினர் நம்மைப் பார்த்து "அங்கே என்ன இருக்கிறது" என்று கேட்கும்போது சொல்ல இதுவும் ஒன்று!

பீன்யாவுக்கும் வைட்ஃபீல்டுக்கும் நகரின் இரு கோடிகள் என்னும் தொலைவு. எனினும் 2023 அக்டோபர் முதல் வழி எளிதாயிற்று. பச்சைத் தடத்தில் மெஜஸ்டிக் வரை சென்று, அங்கே ஊதாத் தடத்துக்கு மாறினால் போதும். நுழைவுச்சீட்டை முன்னதாகவே கைப்பேசியில் வாங்கிவிடுக. தலைக்கொரு சீட்டு என்பதால் நால்வர் கொண்ட குடும்பத்துக்குச் செலவு சற்றுக் கடுமையாகவே இருக்கும். உள்ளே படம் போட்ட சட்டைகளும் பொம்மைகளும் விற்கும் கடைகள் வரிசையாக நிற்கும். பணப்பையைப் பதம் பார்ப்பவை அவையே. எவ்வளவு செலவிடலாம் என்பதைப் பிள்ளையிடம் வீட்டிலேயே பேசி முடித்துவிடுதல் நலம்.

வேடம் புனைவோரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இதனைக் காஸ்பிளே என்பர். சப்பானியர் 1980களில் ஆக்கிய சொல். நமக்கு இது புதிதன்று. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து வந்தோர் நம்மிடையே பலர். இலேசான மரத்தில் கிரீடமும் புஜக்கட்டையும் செய்து, கண்ணாடிச் சில்லு பதித்து, விடியுமட்டும் துரியோதனனாக நிற்கும் கூத்துக் கலைஞரை அவர்கள் அறிவர். இங்கே மரத்துக்குப் பதில் ஃபோம் தகடு. அதனைச் சூடேற்றி வளைத்து, பசையிட்டு ஒட்டி, உலோகம் போல் வண்ணம் பூசுகின்றனர். ஆடைத் தொழிற்சாலையில் தையல் எந்திரம் ஓட்டும் தாயும், லேத்தில் மயிரிழைக் கணக்குப் பார்க்கும் தந்தையும் உள்ள வீட்டில் இத்தகைய வேடம் கடையில் வாங்கப்பட வேண்டியதில்லை. ஆனால் லேத்தில் கடைந்த மெய்யான வாளை எடுத்துச் செல்லாதீர், வாயிலிலேயே நிறுத்திவிடுவர்! வேடமிட்டோரைப் படமெடுக்குமுன், குறிப்பாகப் பெண்களை, ஒரு சொல் கேட்டுவிட்டு எடுக்குமாறு நம் பையன்களுக்குச் சொல்லுங்கள்.

எமக்கு அங்கே பிடித்தது, ஓவியர்கள் தத்தம் மேசைக்குப் பின் அமர்ந்திருக்கும் பகுதி. தாம் வரைந்த நூலைத் தாமே விற்று, கையொப்பமிட்டுத் தருகின்றனர். பிள்ளையை அங்கே நிறுத்திக் கேள்வி கேட்கச் செய்யுங்கள். ஒரு பக்கம் வரைய எத்தனை நாள் ஆகும்? கதை முன்னா, படம் முன்னா? திரையில் தானாக ஓடும் படங்களையே கண்டு வளரும் குழந்தை, ஒரு மனிதர் கையால் கோடு இழுப்பதை ஓரடித் தொலைவில் காண்பது பெரும் பேறு.

அந்த மேசைகளில் ஆங்கிலமே மிகுதி. தமிழெழுத்தைத் தேடித்தான் காண வேண்டும். இதனை எழுதத் தூண்டியதும் இக்குறையே. பீன்யாவில் பிறந்த நம் பிள்ளைகள் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் கற்கின்றனர், அவை வேண்டியவையே. வீட்டில் தமிழ் பேசுகின்றனர். ஆனால் ஊரிலிருந்து பாட்டி அனுப்பும் திருமண அழைப்பிதழை நீட்டினால் திகைக்கின்றனர். அவர்களிடம் பாடநூலைக் கொடுத்தால் ஓடுவர். சித்திரக் கதையைக் கொடுத்தால் ஓடமாட்டார். எழுத்துக் கூட்டத் தடுமாறும் இடத்தில் படம் கைகொடுக்கும். கட்டத்துக்கு ஒரு வரி, இரண்டு வரி. அதுவும் ஒருவர் பேசுவதாகவே இருப்பதால் காதில் கேட்ட தமிழ் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்.

அதற்கான நூல்களுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. 1947இல் சென்னையில் தோன்றிய அம்புலிமாமா இன்று வருவதில்லை; எனினும் பிணத்தைத் தோளில் சுமந்து வாளேந்தி நடக்கும் விக்கிரமனை மறந்தார் யார்? அதனை வரைந்த சங்கர், 2020இல் மறைந்த நம் தமிழர். அதே படங்களைக் கன்னடக் குழந்தைகள் சந்தமாமாவில் கண்டு வளர்ந்தனர். அமர் சித்திரக் கதையை உருவாக்கிய அனந்த் பையோ இம்மாநிலத்துக் கார்க்களத்தில் பிறந்தவர்.

சிவகாசியில் சௌந்தரபாண்டியன் 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. பிரிட்டனின் 'வேலியண்ட்' இதழில் 1962இல் தொடங்கிய கதை அது. ஆய்வுக்கூட விபத்தில் கையிழந்தவன் இரும்புக்கை பொருத்திக்கொள்கிறான். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து கை மட்டும் தெரியும். நாள் முழுதும் இரும்போடும் மின்சாரத்தோடும் மல்லாடும் பீன்யாத் தந்தையரில் பலர் சிறுவயதில் இதனைப் போர்வைக்குள் ஒளித்துப் படித்தவர்களே. 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸும் அந்நிறுவனத்தினின்றே வருகிறது. சிவகாசிக்குச் சந்தா கட்டினால் நூல்கள் வீடு வந்து சேரும்.

விழாவிலிருந்து திரும்பும்போது மாயாவியின் கதையை வண்டியிலேயே சொல்லத் தொடங்கலாம். மெஜஸ்டிக்கில் இறங்க மட்டும் மறந்துவிட வேண்டா.